நாலாவது குழி

ஆரணியில் என் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. கையைக் காட்டினால் தெரியும். பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவன் நான். ஊரில் ஒரு கல்யாணப் பெண் அரக்குச் சேலையில் ஜொலித்தால், அந்த அரக்கு என் முழங்கையிலும் ஒரு வாரம் ஜொலித்துக்கொண்டிருக்கும். திங்கட்கிழமை கிளிப்பச்சை, வியாழக்கிழமை மாம்பழ மஞ்சள். ஓட்டலில் பரிமாறுகிறவர் சாம்பார் வாளியோடு என் இலைக்கு முன்னால் நின்று, "கை கழுவினியாப்பா?" என்று கேட்பார். மூன்று தடவை கழுவிவிட்டுத்தான் உட்கார்ந்திருப்பேன்.

இந்தக் கையைப் பிடித்துப் பார்த்து முகம் சுளிக்காத முதல் பெண்மணி ரத்தக்கார அக்கா. இரண்டாவது என் மனைவி. அவளும் கொஞ்சம் யோசித்த பிறகுதான்.

அக்காவின் ரத்தப் பரிசோதனை நிலையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், டீக்கடைக்கும் தையல்கடைக்கும் நடுவில் ஒடுங்கி நின்ற ஒற்றை அறை. ஜன்னலோரம் ஒரு மேஜை, அதன்மேல் ஒரு பித்தளை மைக்ராஸ்கோப். மைக்ராஸ்கோப்புக்கு அடியில் ஒரு வட்டக் கண்ணாடி. அந்தக் கண்ணாடி ஜன்னல் வெளிச்சத்தைப் பிடித்து மேலே அனுப்பினால்தான் ரத்தம் கண்ணுக்குத் தெரியும். மழை மூட்டம் போட்டுவிட்டால் "நாளைக்கு வாங்க" என்று அனுப்பிவிடுவார். தேசூர்ப் பக்கத்துச் சமணக் குடும்பத்துப் பெண் அவர். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுகிற வழக்கம். ஆக, சூரியன் இருக்கிறவரைதான் அக்காவுக்குச் சோறும் எங்களுக்கு ரிசல்ட்டும்.

எறும்பு வரிசையைக் கண்டால் சுற்றிக்கொண்டு போகிறவர், ஊர் விரலையெல்லாம் ஊசியால் குத்திப் பிழைப்பு நடத்தினார். அந்தச் சங்கடம் அவருக்கே இருந்திருக்க வேண்டும். ஒவ்வொரு விரலையும் குத்துவதற்கு முன்னால், "பொறுத்துக்குங்க" என்பார். மூன்று வயதுக் குழந்தைக்கும் அந்த 'ங்க' உண்டு. சாராய வாடையோடு வந்து நிற்கிறவனுக்கும் உண்டு. அப்புறம்தான் குத்துவார். குத்தியது தெரியவே தெரியாது என்று நான் சொன்னால் பொய். நன்றாகத் தெரியும். ஆனால் மன்னிப்பை முன்கூட்டியே வாங்கிவிட்டதால் யாராலும் கத்த முடியாது.

அவருக்கு ஒரு குணம் இருந்தது. தகராறு நடந்த இடத்தில் யார் கையும் களவுமாக நிற்கிறாரோ அவரை லேசில் குற்றவாளி என்று ஒப்புக்கொள்ள மாட்டார். "இன்னொரு தடவ எண்ணிப் பாக்கலாம்" என்பார். ரத்தத்துக்கும் அதுதான், ரத்தக்களறிக்கும் அதுதான்.

ஒருநாள் டீக்கடை முன்னால் பாவு நூல் கட்டிய சைக்கிள் ஒன்று மாட்டுவண்டியில் மோதி விழுந்துவிட்டது. நூலெல்லாம் சேற்றில். நாங்கள் நாலைந்து பேர் ஓடிப்போய்ப் பார்த்தால், வேட்டியை மடித்துக்கட்டிய ஒருவன் அந்த நூலை அள்ளிக்கொண்டிருந்தான். வண்டிக்காரன் இவன்தான் என்று முடிவாகிவிட்டது. யார் முடிவு செய்தது என்று கேட்காதீர்கள், அடிக்கிற கூட்டத்தில் அதெல்லாம் யாரும் கேட்பதில்லை. நானும் கையை ஓங்கிவிட்டேன். அப்போது ஊசியும் கையுமாக அக்கா வாசலுக்கு வந்தார்.

"அந்தப் பச்சைக் கை, கீழ இறக்குங்க."

அதற்குள் சேர்ந்துவிட்ட கூட்டத்தில் பத்துக் கை ஓங்கியிருந்தன. பச்சை என்னுடையது ஒன்றுதான். இறக்கிவிட்டேன்.

"அவரு மோதினாரா, எடுத்துக் குடுக்க வந்தாரான்னு யாராவது பாத்தீங்களா?"

யாரும் பார்க்கவில்லை. வண்டிக்காரன் அதற்குள் கண்ணமங்கலம் ரோட்டில் பாதி தூரம் போயிருந்தான். இந்த ஆள் வெல்லமண்டிக்குப் போகிற வழியில் நூல் வீணாகிறதே என்று குனிந்தவன். அக்கா ஊசியை ஒருமுறை எங்கள் பக்கம் திருப்பினார், அவ்வளவுதான். ஆரணியில் அத்தனை வேகமாகக் கலைந்த கூட்டத்தை நான் பிறகு பார்த்ததில்லை.

இனி என் கதைக்கு வருகிறேன். எழுபதுகளின் கடைசி. எனக்கு இருபத்தாறு வயது, கண்ணமங்கலத்தில் ஒரு பெண் பார்த்து முடிவாகியிருந்தது. பெண்ணுக்கு அப்பா இல்லை. தாய்மாமன் வைத்ததுதான் சட்டம். அவர் பார்வைக்கு நான் பொருத்தமான பையன், கை நிறம் தவிர.

அந்தச் சமயம் பார்த்து எனக்கு இருமல் வந்தது. பகலில் நல்லவன் மாதிரி இருக்கும். விடியற்காலை மூன்று மணிக்கு மேல் ஆரம்பித்தால், பக்கத்து வீட்டுக் கோழிகள் விடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்ளும். மார்பில் ஆர்மோனியப் பெட்டி சத்தம். இரண்டு மாதத்தில் என் சட்டைக்குள் இன்னொரு ஆளைக் குடிவைக்கலாம் என்கிற அளவுக்கு இளைத்துவிட்டேன். வேலூருக்குப் போய் எடுத்த எக்ஸ்ரேயில் நெஞ்சு முழுக்கக் கோலமாவைத் தூவியது போல் இருந்தது.

"டிபியா இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ரத்தத்தப் பாத்துகினு வா," என்றார் டாக்டர்.

அவர் சொன்னதில் 'டிபி' மட்டும் என் காதில் விழுந்தது. ஊர்க் காதிலும் அது மட்டும்தான் விழுந்தது. இரண்டே நாளில் செய்தி கண்ணமங்கலம் போய்விட்டது. தாய்மாமன் ஆள் அனுப்பினார். வெள்ளிக்கிழமை வருகிறேன், ரத்தப் பரிசோதனைக் காகிதத்தை எடுத்து வை, நோய் என்றால் தாம்பூலத்தைத் திருப்பிக்கொள்ளலாம்.

அந்தப் பெண்ணை நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தேன். காபி கொடுக்கும்போது என் கையைப் பார்த்துவிட்டு, "இது இன்னா கலரு?" என்று கேட்டாள். "வெங்காயத் தோலு" என்றேன். சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு கைவிட்டுப் போய்விடும் என்று நினைத்தபோது என் புத்தி வேலை செய்தது. என் புத்தி வேலை செய்யும்போதெல்லாம் வீட்டில் யாராவது குறுக்கே படுத்துத் தடுத்திருக்க வேண்டும்.

எனக்கொரு நண்பன். பட்டுக்கடையில் சேலை மடிக்கிறவன். ரோஜாப் பூ மாதிரி இருப்பான். அவனை அனுப்பி, என் பெயரைச் சொல்லி ரத்தம் கொடுக்க வைத்தேன்.

பட்டுக்கடையில் சேலை மடிக்கிறவன் கை எப்படி இருக்கும்? ஒரு பொட்டு அழுக்குப் பட்டாலும் சேலை பாழ் என்பதால் மணிக்கொரு தரம் சோப்புப் போட்டுக் கழுவி, பவுடர் பூசி, நகத்தை ஒட்ட வெட்டியிருப்பான். அந்தக் கையை நீட்டி, "நான்தான் சாயக்காரன்" என்று சொன்னால் ஆரணியில் மாடுகூட நம்பாது.

அக்கா அந்த விரலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாராம்.

"சாயப்பட்டறை லீவுங்களா?"

"ஆமாங்க... ரெண்டு நாளா லீவு."

"ரெண்டு நாள்ல நகக்கண்ணு கூட வெளுத்துடுச்சே. என்ன சோப்பு போடுறீங்க?"

அக்கா, "பொறுத்துக்குங்க" என்று சொல்லிக் குத்திவிட்டு, ரத்தத்தைப் பார்த்து, அவன் சொந்தப் பெயரைக் கேட்டு எழுதிக்கொடுத்தார். ரோஜாப் பூவுக்கு ரத்தம் பத்தவில்லை. வயிற்றில் பூச்சி இருக்கும், மருந்து வாங்கிச் சாப்பிடவும். என் பெயரில் ஆரோக்கியமாகப் போனவன் தன் பெயரில் நோயாளியாகத் திரும்பி வந்தான். "ஒன்னால எனக்கு ஒரே பேஜார்டா" என்று ஒரு மாதம் முருங்கைக்கீரை தின்றான்.

கூடவே எனக்கு ஒரு செய்தி. "சாயக்காரர வரச் சொல்லுங்க."

போனேன். அக்கா கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான். கோபம் வந்தால் அவர் குரல் இன்னும் தாழ்ந்துபோகும். குனிந்து கேட்க வேண்டியிருந்தது.

"அவரு ரத்தத்துல ஒங்க பேர எழுதி இருந்தா இன்னா ஆயிருக்கும்? ஒங்க நோய்க்கு மருந்து வந்திருக்குமா?"

"கல்யாணம் நின்னுடுமோன்னு பயந்துட்டேங்கா."

"மாப்பிள்ளை நிக்கணுமே, தம்பி."

கையை நீட்டினேன். அக்கா பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு விரலைத் துடைத்தார். பஞ்சு அரக்கானது. இன்னொரு பஞ்சு. அதுவும் அரக்கு. நாலாவது பஞ்சில் தோற்றுப்போய், "ஒங்க விரல்ல குத்தினா ரத்தம் எது சாயம் எதுன்னு எனக்குத் தெரியாது" என்று காது மடலைப் பிடித்தார். "பொறுத்துக்குங்க." சின்ன வயதில் காது குத்தியபோது தாய்மாமன் மடி இருந்தது. இப்போது வேறொருத்தியின் தாய்மாமன் வெள்ளிக்கிழமை வருகிறார்.

ரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் இழுத்துப் பூசி, சாயம் ஊற்றிக் காயவைத்தார். சாயம் என்றதும் எனக்குத் தொழில் புத்தி வந்துவிட்டது. என்ன சாயம், எவ்வளவு நேரம், தண்ணீர் உப்பா என்றெல்லாம் விசாரித்தேன். அக்கா முதல்முறையாகச் சிரித்து, மேஜைக்கு அடியிலிருந்து ஒரு பல்லாங்குழிப் பலகையை எடுத்து என் முன்னால் வைத்தார். பக்கத்தில் ஒரு டப்பா நிறையப் புளியங்கொட்டை.

அதுதான் அவருடைய எண்ணும் இயந்திரம். வெள்ளை அணுக்களில் ஐந்து வகை. பலகையின் பதினாலு குழியில் ஐந்து குழி போதும். மைக்ராஸ்கோப்பில் ஒரு அணுவைப் பார்த்தால் அதற்குரிய குழியில் ஒரு கொட்டை. நூறு அணு ஆனதும் எந்தக் குழியில் எத்தனை என்று எண்ணிவிடலாம்.

"நான் சொல்றேன், நீங்க போடுங்க. ஒங்க ரத்தம், ஒங்க கையாலியே எண்ணுங்க. அப்பால ஆள் மாத்திட்டாங்கன்னு யாரும் சொல்ல முடியாது."

கண்ணைக் குழாயில் வைத்துக்கொண்டு சொல்லத் தொடங்கினார். "ஒண்ணு. நாலு. நாலு. ரெண்டு. நாலு." நான் போட்டேன். "நாலு. நாலு. ஒண்ணு. நாலு." பயத்தில் கை வியர்த்து, கொட்டையெல்லாம் அரக்காகிக்கொண்டே வந்தது. நாலாவது குழி நிரம்பி மேடாகிவிட்டது. பல்லாங்குழி ஆட்டமாக இருந்தால் நான் ஜெயித்திருப்பேன்.

நூறில் அறுபத்திரண்டு. அக்கா கொட்டைகளை டப்பாவில் கொட்டினார்.

"இன்னொரு தடவ எண்ணலாம்."

இரண்டாவது தடவை அறுபத்தொன்று. அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நாலாவது குழியில இருக்கிறது ஈஸ்னோபிலுங்க. ஒரு கொசு கடிச்சு யானைக்கால் புழுவோட குஞ்சு ஒங்க ஒடம்புக்குள்ள போயிருக்கும். அதுக்கு ஒங்க ஒடம்பு போடுற கூச்சல் இது. டிபி மாதிரி தெரியல. டாக்டர் பாத்துச் சொல்லட்டும்."

"அப்போ இதுங்கதான் நாசம் பண்ணுதா?" என்றேன் அந்தக் குழியைக் காட்டி.

"வந்து பாருங்க."

பார்த்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. மூக்குக்கண்ணாடி போட்டதுபோல் இரண்டு நீல வட்டம், அதைச் சுற்றிப் பவழச் சிவப்பில் பொடிப் பொடியாக மணிகள். பத்து வருடமாக நான் பட்டில் வரவழைக்கப் பார்த்துத் தோற்ற சிவப்பு என் காது மடலுக்குள் சும்மா கிடந்திருக்கிறது.

"நூல் சிக்கு விழுந்தா, சிக்கு யாரு கையில இருக்கும்?" என்று கேட்டார் அக்கா.

"சிக்கெடுக்கிறவங்க கையில."

"அவங்களையா அடிப்பீங்க? ஒவ்வாமை வந்த எடத்துல, புழு வந்த எடத்துல எல்லாம் இதுங்க நிக்குது. தணிக்க வந்ததா, கலக்க வந்ததான்னு படிச்சவங்களே இன்னும் பேசிகினுதான் இருக்காங்க. கூட்டம் சேந்துட்டா அதுவே சிக்காயிடும், அது நெசம். ஒங்க நெஞ்சுல அதான் ஆயிருக்கு."

ஐந்தாவது குழி காலியாகக் கிடந்தது. அதில் வருகிறது நூற்றுக்கு ஒன்று வந்தாலே பெரிது, ஆனால் வந்தால் தும்மலும் அரிப்புமாக ஊரையே கூப்பிட்டுவிடும் என்றார். பிறகு இரண்டாவது குழியை விரலால் தொட்டார்.

"இதுல இருக்கிறவங்கள்ல சில பேரு, 'போதும், நிறுத்துங்க'ன்னு மத்தவங்கள அடக்குறவங்களாம். வேலூர்ல கிளாஸ் வச்சப்போ சொன்னாங்க. அவங்க இல்லைன்னா ஒடம்பு தன்னையே அடிச்சுக்குமாம்."

"எது எதுன்னு எப்படிக்கா கண்டுபுடிப்பீங்க?"

"முடியாது. பாத்தா எல்லாரையும் மாதிரிதான் இருப்பாங்க."

வெள்ளிக்கிழமை தாய்மாமன் நேராக அக்காவின் வாசலுக்கே வந்துவிட்டார். நானும் அங்கேதான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அரிசி மில் வைத்திருக்கிறவர், மில் ஓடும்போது பேசிப் பழகிய குரல்.

"இன்னாம்மா, இவனுக்கு டிபியா இல்லியா? ஒரே வார்த்த. நான் ஜல்தியா பஸ்ஸ புடிக்கணும்."

"ரத்தம் அவருதுங்க. சொல்லலாமான்னு அவரத்தான் கேக்கணும்."

"இவனையா? ஆள் மாத்தி ரத்தம் குடுத்தவன் கிட்ட நான் உத்தரவு கேக்கணுமா?"

ரோஜாப் பூ டீக்கடையில் வாயைத் திறந்திருக்கிறான். எனக்கு விடியற்காலை இருமல் பட்டப்பகலில் வந்துவிட்டது. இருமி முடிக்கிறவரை இரண்டு பேரும் காத்திருந்தார்கள். "சொல்லுங்கக்கா" என்றேன்.

இனி அக்கா ஒரு பொய் சொன்னால் போதும். அப்படி யாரும் வரவில்லை என்று சொல்லிவிட்டால் தகராறு முடிந்தது. ஆனால் பொய் சொல்கிற வழக்கமே அவரிடம் இல்லை என்பது என் கெட்ட நேரம்.

"அனுப்பினது நெசமுங்க," என்றார். "தப்புதான். நான் எழுதல. அப்பால இவரே வந்தாரு. ஏன் அனுப்பினாருன்னு கேட்டீங்களா?"

"ஏமாத்தத்தான்!"

"ஒங்க பொண்ணு கெடைக்காம போயிடுமோன்னு பயந்துங்க. வேணாம்னு இருந்தா நோயச் சாக்கு சொல்லிட்டுப் போயிருப்பாரு."

மாமன் என்னைப் பார்த்தார். நான் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன், ஏனென்று தெரியவில்லை. அக்கா அவரை மைக்ராஸ்கோப் முன்னால் உட்காரவைத்தார். ஒரு கண்ணை மூடச் சொன்னால் இரண்டையும் மூடினார். பிறகு ஒன்றைத் திறந்தார்.

"கறுப்பா முள்ளு முள்ளா தெரியுது! இதானா கிருமி?"

"அது ஒங்க இமை மயிருங்க. கொஞ்சம் தள்ளிப் பாருங்க."

தள்ளிப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார்.

"செவப்பா அழகா கீதே."

"டிபி இல்லைன்னு டாக்டரும் சொல்லிட்டாரு. இதுக்கு மாத்திரை இருக்குது. டாக்டர் எழுதிட்டாரு. மூணு வாரம் சாப்பிடட்டும். மூணு வாரம் கழிச்சு நீங்களும் வாங்க, இன்னொரு தடவ எண்ணலாம். கொறையலைன்னா அப்பால சண்ட போடுங்க, நான் குறுக்க வரல."

மூன்று வாரம் தள்ளிப்போட்ட சண்டை என்ன ஆகும் என்று அக்காவுக்குத் தெரிந்திருந்தது. முதல் வாரத்திலேயே கோழிகள் சரியான நேரத்துக்கு எழுந்திருக்க ஆரம்பித்தன. மூன்றாவது வாரம் மாமனே பக்கத்தில் உட்கார்ந்து கொட்டை போட்டார். நாலாவது குழியில் ஒன்பது. "இன்னொரு தடவ எண்ணும்மா" என்றார், இந்தத் தடவை ஆசையாக.

கல்யாணம் நடந்தது. என் மகள் பிறந்தாள். பட்டு இழை சுற்றுகிற அறைக்குள் போனாலே அவளுக்கு மூச்சு இழுக்கும். சாயக்காரன் மகளுக்குப் பட்டு ஒத்துக்கொள்ளாது என்பது எங்கள் தெருவுக்கு நல்ல தமாஷ். அக்காதான் அவளுக்கும் விரல் குத்துவார். எண்பதுகளில் ஊருக்கு வந்த ஒரு சின்ன வயது டாக்டர், "ஈஸ்னோபில்தாங்க மூச்சுக்குழாயையே அரிக்குது, லேசுப்பட்ட ஆளு இல்ல" என்று சொன்னார். நான் நேராக அக்காவிடம் போய், உங்கள் சிக்கெடுக்கிறவர்கள் லட்சணத்தைப் பாருங்கள் என்று கோள் மூட்டினேன்.

"இருக்கும்," என்றார் அமைதியாக. "ரெண்டும் செய்யும் போல. நீங்க கூட ஒரு நாள் கை ஓங்கினவருதானே?"

கண்ணில் புரை விழ ஆரம்பித்து, எண்ணிக்கையில் முதல் சந்தேகம் வந்த அன்றே போர்டைக் கழற்றிவிட்டார். பல்லாங்குழியை என் மகளுக்குக் கொடுத்தார். நாலாவது குழியின் அடியில் என் அரக்கு அப்படியே இருந்தது. துடைத்திருக்கலாம். துடைக்கவில்லை.

அவரைக் கடைசியாகப் பார்த்தது, தெருமுனையில் புதிதாகத் திறந்த ரத்தப் பரிசோதனை நிலையத்தில். மகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். உள்ளே பெஞ்சில் அக்கா, சாதாரண நோயாளி மாதிரி விரலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அங்கே இருந்த இளைஞர் வாசலில் யாரிடமோ பேசிக்கொண்டே சரக்கென்று குத்திவிட்டார். அக்காவின் தோள் துள்ளியது.

எனக்கு எங்கிருந்து வந்ததோ. "ஒரு வார்த்த சொல்லிட்டுக் குத்தக் கூடாதாய்யா!" என்று கையை ஓங்கிக்கொண்டு எழுந்துவிட்டேன்.

அக்கா திரும்பினார். முகம் அவருக்குத் தெரிந்திருக்காது. நிறம் தெரிந்திருக்கிறது.

"அந்த நீலக் கை, கீழ இறக்குங்க."

இறக்கினேன். அருகில் போய் உட்கார்ந்து, "பொறுத்துக்குங்கக்கா" என்றேன்.

"குத்தினது நீங்க இல்லியே, தம்பி."

"இல்லக்கா. பக்கத்துல நின்னுகினு இருந்தேன்."

சிரித்தார். விரலில் பஞ்சை அழுத்திக்கொண்டு, பொத்தான் வைத்த புது மெஷினில் டிக் டிக்கென்று எண்ணிக்கொண்டிருந்த அந்த இளைஞர் பக்கம் திரும்பினார்.

"அவசரம் இல்லீங்க தம்பி. இன்னொரு தடவ எண்ணிடுங்க."